வீட்டில் பீர் காய்ச்சினால் ஏன் குற்றம்? சேலம் ஜில்லாவில் ராஜாஜி தொடங்கிவைத்த மதுவிலக்கின் கதை

பாலக்கோடு, மாரண்டஹள்ளி பக்கம் கேழ்வரகை முளைகட்டுவது சாதாரண சமையலறை வேலை. ராத்திரி ஊறவைத்து, துணியில் கட்டித் தொங்கவிட்டு, வெள்ளையாக முளை எட்டிப் பார்த்ததும் நிழலில் உலர்த்தி, லேசாக வறுத்து அரைத்தால் குழந்தைக்குக் கஞ்சி மாவு தயார். கடையில் ராகி மால்ட் என்று பாக்கெட்டில் விற்பதும் இதுதான். மால்ட் என்றால் முளைகட்டி உலர்த்திய தானியம். அவ்வளவுதான் விஷயம்.

இப்போ கேழ்வரகுக்குப் பதிலாக பார்லியை எடுத்துக்கொள்ளுங்கள். முளைகட்டிய பார்லியை நொறுக்கி, சுமார் 65 டிகிரி சூட்டில் தண்ணீரில் ஒரு மணி நேரம் ஊறவைத்தால் அதிலிருக்கும் மாவுச்சத்து சர்க்கரையாக மாறிவிடும். வடிகட்டி, அந்தத் தண்ணீரை வற்றவைத்தால் தேன் பதத்தில் பழுப்பு நிறப் பாகு மிஞ்சும். இதன் பெயர் மால்ட் எக்ஸ்ட்ராக்ட். பிஸ்கட்டிலும் ஹார்லிக்ஸ் மாதிரியான பானங்களிலும் வரும் அந்த வாசனை இந்தப் பார்லி மால்ட்டோடது. இதுவரைக்கும் எந்தச் சட்டச் சிக்கலும் இல்லை.

வெளிநாடுகளில் இந்தப் பாகை டின்னில் வாங்கி வீட்டிலேயே பீர் தயாரிப்பது பலருக்குப் பொழுதுபோக்கு. அதில் ஆரம்பநிலை ஆட்கள் முதலில் கைவைப்பது பேல் ஏல் என்ற வெளிர்நிற பீர். 3 கிலோ பாகை 20 லிட்டர் கணக்கில் தண்ணீரில் கரைத்து, ஹாப்ஸ் என்ற கசப்புப் பூவைப் போட்டு ஒரு மணி நேரம் கொதிக்கவைத்து, 20 டிகிரிக்கு ஆறவைத்து, ஈஸ்ட் தூவி, காற்று வெளியேற மட்டும் வழிவிட்டு மூடிவைப்பார்கள். ஒன்றிரண்டு வாரத்தில் சர்க்கரை 4, 5 சதவீத ஆல்கஹாலாக மாறியிருக்கும். பாட்டிலில் அடைக்கும்போது கொஞ்சம் சர்க்கரை சேர்த்தால் நுரை வரும்.

இதையே பாலக்கோட்டில் ஒருத்தர் செய்தால்? குற்றம். விற்கணும்னு அவசியமில்லை, தனக்காகக் காய்ச்சினாலும் குற்றம்தான். குடிக்கும் அளவுக்கு அது தயாராகும்வரை காத்திருக்கவும் தேவையில்லை. மது தயாரிக்கும் நோக்கத்தோடு பொருளையோ பாத்திரத்தையோ வைத்திருந்தாலே தமிழ்நாடு மதுவிலக்குச் சட்டத்தின் 4-வது பிரிவு பாயும். அந்தச் சட்டத்தின் பெயரோடு ஓர் ஆண்டும் ஒட்டிக்கொண்டிருக்கிறது: 1937. அந்த ஆண்டு அது முதன்முதலாக அமலுக்கு வந்த இடம், பாலக்கோடும் அடங்கிய அன்றைய சேலம் ஜில்லா. கொண்டுவந்தவர் இந்த மண்ணில் பிறந்தவர். சக்கரவர்த்தி ராஜகோபாலாச்சாரி, சுருக்கமாக ராஜாஜி.

சென்னைக்கு வந்த பீர், ஜில்லாவில் ஓடிய கள்

ராஜாஜியிடம் போவதற்கு முன்னாடி ஒரு சின்ன பின்னணி. பேல் ஏல் வளர்ந்ததே இந்தியாவுக்கு ஏற்றுமதியாகித்தான். லண்டனின் கிழக்கே போ என்ற பகுதியில் ஹாட்ஜ்சன் குடும்பம் நடத்திய மதுபான ஆலையிலிருந்து கிழக்கிந்தியக் கம்பெனிக் கப்பல் அதிகாரிகள் பீப்பாய் பீப்பாயாக வாங்கி இந்தியாவில் இருந்த வெள்ளைக்காரர்களுக்கு விற்றார்கள். 1820-களில் பர்ட்டன் நகரத்து ஆலைகள் போட்டிக்கு வந்தன. இந்தியா பேல் ஏல் என்ற பெயர் இந்த வியாபாரத்தில்தான் பிறந்தது. பிறகு இங்கேயே ஆலைகள் வந்தன. ஊட்டியில் 1857-ல் கேசில் ப்ரூவரி தொடங்கப்பட்டது. 1915-ல் அதையும் பெங்களூரு ஆலையையும் இன்னும் சிலவற்றையும் சேர்த்து ஒரு ஸ்காட்லாந்துக்காரர் உருவாக்கியதுதான் யுனைடெட் ப்ரூவரீஸ்.

இதெல்லாம் துரைமார்களுக்கு. ஊர் ஜனங்களுக்குக் கள்ளும் சாராயமும். தர்மபுரி, ஓசூர் வட்டாரத்தில் பனையோடு ஈச்ச மரத்திலும் கள் இறக்குவார்கள். கடைகளை அரசாங்கம் ஏலத்தில் விடும், எடுத்தவர் பணத்தைக் கட்டிவிட்டு அதைவிட அதிகமாகச் சம்பாதிக்கப் பார்ப்பார். எவ்வளவு பேர் குடிக்கிறார்களோ அவ்வளவு அரசாங்கத்துக்கு லாபம். சென்னை மாகாண அரசின் மொத்த வருவாயில் ஏறக்குறைய நான்கில் ஒரு பங்கு இந்தக் கலால் பணம். இந்தக் கணக்குத்தான் ராஜாஜியை வாழ்நாள் முழுக்க உறுத்தியது. குடிக்கிறவனைவிட, குடியில் பங்கு வாங்கும் அரசாங்கம்தான் அவர் கண்ணில் பெரிய குற்றவாளி.

தொரப்பள்ளி முனிசிப் மகன்

பாலக்கோட்டிலிருந்து ராயக்கோட்டை வழியாகப் போனால் ஓசூர். அதை ஒட்டி தென்பெண்ணைக் கரையில் இருக்கிறது தொரப்பள்ளி. அங்கே 1878 டிசம்பர் 10-ல் ராஜாஜி பிறந்தார். அப்பா சக்கரவர்த்தி வெங்கடார்ய ஐயங்கார், ஊரின் முனிசிப். அம்மா சிங்காரம்மா. ஓசூரில் பள்ளி, பெங்களூரு சென்ட்ரல் காலேஜில் படிப்பு, சென்னையில் சட்டம். 1900-ல் சேலத்தில் வக்கீலாகத் தொழில் தொடங்கினார்.

தொழில் நன்றாகவே போனது. சேலத்தில் கிரிமினல் வழக்கு என்றால் அவரைத் தேடி வருவார்கள். 1917 முதல் 1919 வரை சேலம் நகராட்சித் தலைவர். இதற்கு நடுவில் மனைவி அலமேலு மங்கம்மா ஐந்து குழந்தைகளை விட்டுவிட்டு இறந்துபோனார். ராஜாஜி மறுமணம் செய்துகொள்ளவில்லை. 1919-ல் சென்னைக்கு வந்த காந்தியைச் சந்தித்தார், அடுத்த ஆண்டே வக்கீல் தொழிலை விட்டார். 1921 டிசம்பரிலிருந்து 1922 மார்ச் வரை வேலூர் சிறை.

அந்த ஒத்துழையாமை இயக்கத்தில் கள்ளுக்கடை மறியல் முக்கியமான பகுதி. ராஜாஜியின் அன்றைய நெருங்கிய நண்பர் ஈ.வெ.ராமசாமி, அதாவது பெரியார், கள் இறக்கவிடக்கூடாது என்று தன் குடும்பத் தோப்பில் 500 தென்னை மரங்களை வெட்டிச் சாய்த்தது இந்தக் காலத்தில்தான். அரசியலில் பிறகு இரண்டு பேரும் எதிரெதிர்த் துருவங்களாகப் போனார்கள் என்பது எல்லாருக்கும் தெரியும். மது விஷயத்தில் மட்டும் தொடங்கிய இடம் ஒன்று.

கள்ளுக்கு எதிராக ஒரு பத்திரிகை

1925-ல் திருச்செங்கோடு பக்கம் புதுப்பாளையத்தில் ராஜாஜி காந்தி ஆசிரமம் தொடங்கினார். உள்ளூர் ஜமீன்தார் ஒருவர் கொடுத்த நிலம். சுற்றிலும் வானம் பார்த்த பூமி. வருஷக்கணக்கில் மழை இல்லாமல் கிடந்த ஊர்களில் கதர் நூற்க வைத்து ஜனங்களுக்குக் கூலி கிடைக்கச் செய்வது ஆசிரமத்தின் முதல் வேலை. நெசவுக் கூலியும் நூற்புக் கூலியும் கைக்கு வந்த சாயங்காலமே கள்ளுக்கடைக்குப் போவதைக் கண்ணால் பார்த்த பிறகு, மதுவிலக்கு அவருக்கு மேடைப் பேச்சாக இல்லாமல் வீட்டுக் கணக்காக ஆகிவிட்டது. எத்தனை அணா வருது, அதில் எத்தனை அணா வீட்டுக்குப் போய்ச் சேருது என்கிற கணக்கு.

1929-ல் விமோசனம் என்ற மாத இதழை ஆரம்பித்தார். முழுக்க முழுக்க குடிக்கு எதிராக ஒரு பத்திரிகை என்றால் யார் வாங்குவார்கள் என்று இன்றைக்குத் தோன்றும். அதில் கதை, பாட்டு, படம் எல்லாம் இருந்தது. பிரசாரம் என்று தெரியாத மாதிரி பிரசாரம் செய்யணும் என்பதில் ராஜாஜி தெளிவாக இருந்தார். உதவி ஆசிரியராக ஓர் இளைஞர் சேர்ந்தார். ரா.கிருஷ்ணமூர்த்தி. பின்னால் பொன்னியின் செல்வன் எழுதிய கல்கி அவர்தான். தமிழில் வெகுஜன எழுத்தின் பெரிய பெயர் ஒன்றுக்குப் பயிற்சிக்களம் ஒரு மதுவிலக்குப் பத்திரிகை என்பது சுவாரஸ்யமான விஷயம்.

ராஜாஜி தானும் கதை எழுதினார். திக்கற்ற பார்வதி அதில் பேர்போனது. கணவன் குடிக்குள் விழுந்த பிறகு ஒரு கிராமத்துப் பெண்ணின் வாழ்க்கை என்ன ஆகிறது என்பதுதான் கதை. ராஜாஜி இறந்த பிறகு 1974-ல் சிங்கீதம் சீனிவாச ராவ் இயக்கத்தில் லட்சுமி, ஸ்ரீகாந்த் நடித்துப் படமாக வந்து, சிறந்த தமிழ்ப் படத்துக்கான தேசிய விருது வாங்கியது.

1930-ல் வேதாரண்யம் உப்பு யாத்திரை, மறுபடி சிறை. அந்தக் கதை பாடப்புத்தகத்திலேயே இருப்பதால் இங்கே வேண்டாம்.

அக்டோபர் 1, 1937

1937 தேர்தலில் காங்கிரஸ் ஜெயித்து, ஜூலையில் ராஜாஜி சென்னை மாகாணத்தின் பிரதமர் ஆனார். இன்றைய முதல்வர் பதவிக்கு அன்றைய பெயர் அது. நிதித் துறையையும் அவரே வைத்துக்கொண்டார். இது முக்கியம். மதுவை ஒழிக்கணும் என்று கேட்கிற தலைவரும், அதனால் கஜானாவில் விழும் ஓட்டையை அடைக்க வேண்டிய நிதியமைச்சரும் ஒரே ஆள்.

மாகாணம் முழுக்க ஒரே நாளில் அமல்படுத்த அவர் அவசரப்படவில்லை. ஒரு ஜில்லாவில் முயற்சி செய்து பார்ப்போம் என்று முடிவெடுத்தார். எடுத்தது சொந்த ஜில்லாவை. அன்றைய சேலம் ஜில்லா என்பது இன்றைய சேலம், நாமக்கல், தர்மபுரி, கிருஷ்ணகிரி எல்லாம் சேர்ந்த பெரிய பரப்பு. தர்மபுரி தனி மாவட்டமானது 1965-ல்தான், அதிலிருந்து கிருஷ்ணகிரி பிரிந்தது 2004-ல். ஆக, திருச்செங்கோடு ஆசிரமமும், வக்கீலாக இருந்த சேலமும், பிறந்த தொரப்பள்ளியும், நடுவில் இருக்கும் பாலக்கோடும் ஒரே கலெக்டரின் கீழ் இருந்தன.

ஆட்சிக்கு வந்து மூன்று மாதம்கூட முழுசாக முடியவில்லை. சட்டம் நிறைவேறி, 1937 அக்டோபர் 1-ம் தேதி சேலம் ஜில்லாவில் கள்ளுக்கடை, சாராயக்கடை எல்லாம் மூடப்பட்டன. நவீன இந்தியாவில் ஒரு மாவட்டம் முழுக்கச் சட்டப்படி மதுவிலக்கு வந்தது அதுதான் முதல் முறை என்று பொதுவாகச் சொல்லப்படுகிறது.

போலீஸை மட்டும் நம்பி இது நடக்காது என்று அவருக்குத் தெரிந்திருந்தது. சாயங்காலம் கடைக்குப் போய்ப் பழகினவன் கடை மூடிய பிறகு எங்கே போவான்? பஜனை, நாடகம், விளையாட்டு என்று ஊர்களில் மாற்று ஏற்பாடுகள் செய்யப்பட்டன. மரம் ஏறிப் பிழைத்தவர்களுக்குப் பதநீர் இறக்கி வெல்லம் காய்ச்சும் வழி காட்டப்பட்டது. கலயத்தில் சுண்ணாம்பு தடவினால் பதநீர் புளிக்காது, அதே பதநீர் சுண்ணாம்பு இல்லாமல் சில மணி நேரம் இருந்தால் கள். சட்டத்துக்கும் குற்றத்துக்கும் நடுவில் ஒரு சுண்ணாம்புப் பூச்சுதான். மரம் ஏறும் குடும்பங்களுக்கு இது தலைக்கு மேல் தொங்கும் கத்தி மாதிரி இருந்திருக்கும் என்பதை மறைக்க வேண்டியதில்லை. வெல்லத்தில் வரும் காசு கள்ளில் வரும் காசுக்கு ஈடாகாது.

எல்லைப் பிரச்னையும் இருந்தது. ஓசூர் தாண்டினால் மைசூர் சமஸ்தானம், அங்கே கடை திறந்திருக்கும். ஒரு ஜில்லாவை மட்டும் வறட்சியாக வைப்பதில் உள்ள சங்கடம் இது. ஆனாலும் அரசு பின்வாங்கவில்லை. 1938-ல் சித்தூர், கடப்பா, 1939-ல் வடஆற்காடு என்று ஜில்லா ஜில்லாவாக நீட்டித்துக்கொண்டே போனது.

அமெரிக்காவின் பாகு டின்

இந்த இடத்தில் மறுபடியும் அந்த மால்ட் பாகுக்கு வரணும். ராஜாஜி சட்டம் கொண்டுவருவதற்கு நாலு வருஷம் முன்னால்தான் அமெரிக்கா தன் மதுவிலக்கைக் கைவிட்டிருந்தது. 1920 முதல் 1933 வரை அங்கே நாடு முழுக்க மதுவிலக்கு. அந்தப் பதின்மூன்று வருஷம் பெரிய பீர் கம்பெனிகள் தாக்குப்பிடித்த வழிகளில் ஒன்று மால்ட் பாகு விற்பனை. ரொட்டி சுட, பலகாரம் செய்ய என்று சொல்லித்தான் டின்னை விற்றார்கள். வாங்கியவர்களில் எத்தனை பேர் ரொட்டி சுட்டார்கள் என்பது ஊரறிந்த ரகசியம். சமையலறையே பீர் ஆலையாக மாறியது.

சென்னைச் சட்டத்தைப் படித்தால் அந்த ஓட்டை இங்கே கிடையாது என்று புரியும். மது என்பதற்கு அது தரும் வரையறையில் கள், ஒயின், பீர் தொடங்கி ஆல்கஹால் கலந்த எந்தத் திரவமும் அடங்கும். தயாரிப்பது, வைத்திருப்பது, கொண்டுபோவது, விற்பது, வாங்குவது, குடிப்பது எல்லாமே தனித்தனியாகத் தடை செய்யப்பட்டன. தயாரிக்கும் நோக்கத்தில் வைத்திருக்கும் பொருள், பாத்திரம், கருவிக்கும் தடை. மருந்து, தேவாலய வழிபாடு போன்றவற்றுக்குத்தான் விலக்கு, சிலருக்கு பர்மிட். 5 சதவீத பீரும் வாயில் வைத்தால் எரியும் சாராயமும் இந்தச் சட்டத்தின் பார்வையில் ஒரே வகை.

அமெரிக்காவில் தோற்றது இங்கே எப்படி ஜெயிக்கும் என்ற கேள்வி அப்போதே எழுந்தது. மதுவிலக்கு ஆதரவாளர்களின் பதில் இதுதான்: அங்கே குடிப்பது பெரும்பாலான வீடுகளில் சாதாரணப் பழக்கம், இங்கே குடிக்காதவர்கள்தான் பெரும்பான்மை, குடியைத் தப்பு என்று நினைக்கும் மனநிலை ஏற்கெனவே இருக்கிறது, சட்டம் அதற்குத் துணை நின்றால் போதும். பாதி உண்மை. குடிக்காதவர்கள் அதிகம் என்பதால் சட்டத்தை நிறைவேற்றுவது சுலபம். குடிக்கிறவரை நிறுத்த வைப்பது சுலபம் என்று அதற்கு அர்த்தமில்லை.

இன்னொரு விஷயத்தையும் சொல்லிவிடணும். கள்ளச்சாராயத்தில் ஆள்கள் செத்துப்போவது பெரும்பாலும் மெத்தனால் கலப்பதால். 2024 ஜூனில் கள்ளக்குறிச்சியில் 60-க்கும் மேற்பட்டோர் இறந்ததும் அப்படித்தான். அதற்குப் பிறகு இதே 1937 சட்டம் திருத்தப்பட்டு, கள்ளச்சாராயத்தால் உயிர்ப்பலி ஏற்பட்டால் ஆயுள் தண்டனை, 10 லட்சம் ரூபாய்க்குக் குறையாத அபராதம் என்று கடுமையானது. பாகிலிருந்து பீர் தயாரிப்பதில் காய்ச்சி வடிக்கும் வேலையே இல்லை, மெத்தனால் ஊற்றுவதும் இல்லை. இங்கிலாந்து 1963-லேயே வீட்டு பீருக்கு லைசென்ஸ் முறையை நீக்கிவிட்டது. அமெரிக்கா 1978-ல் சட்டம் போட்டு அனுமதித்தது. ஆனா, அந்த வித்தியாசத்தை எல்லாம் பிரித்துப் பார்ப்பதற்காக எழுதப்பட்ட சட்டம் இல்லை இது.

ஓட்டையை அடைக்க வந்த வரி

கலால் பணம் போய்விட்டது. பள்ளிக்கூடம், ரோடு, சம்பளம் எல்லாவற்றுக்கும் காசு வேணும். நிதியமைச்சர் ராஜாஜி கண்டுபிடித்த வழிதான் 1939-ல் வந்த பொது விற்பனை வரிச் சட்டம். கடையில் விற்கும் பொருள்களின் விற்றுமுதல் மீது வரி. சில பொருள்களுக்கு மட்டும் விற்பனை வரி போடுவது வேறு மாகாணத்திலும் நடந்திருந்தது. பொதுவாக எல்லாப் பொருளுக்கும் போட்டது இந்தியாவிலேயே சென்னை மாகாணம்தான் முதலில். வியாபாரிகள் கடுமையாக எதிர்த்தார்கள். குடிகாரன் கொடுத்த பணத்தை இனி எல்லாரும் பங்குபோட்டுக் கொடுக்கணும் என்பதுதான் அதன் சாரம் என்பதால் கோபம் நியாயமானதே.

அந்த இரண்டே கால் வருஷ ஆட்சியில் விவசாயிகள் கடன் நிவாரணச் சட்டமும் வந்தது, கட்டாய ஹிந்தியும் வந்தது. ஹிந்தி எதிர்ப்பில் பெரியார் சிறைக்குப் போனார். 1939 அக்டோபர் கடைசியில், இந்தியாவைக் கேட்காமல் உலகப்போரில் இழுத்துவிட்டதைக் கண்டித்து காங்கிரஸ் அரசுகள் பதவி விலகின. ராஜாஜியும் இறங்கினார்.

அடுத்து நடந்ததுதான் கதையின் திருப்பம். கவர்னர் ஆட்சி போர் நடக்கும்போதே மதுவிலக்கை நிறுத்திவைத்துக் கடைகளைத் திறந்தது. கலால் பணம் மறுபடி வர ஆரம்பித்தது. மதுப் பணத்துக்கு மாற்றாக வந்த விற்பனை வரியை மட்டும் யாரும் திரும்ப எடுக்கவில்லை.

92 வயதில் ஒரு சந்திப்பு

சுதந்திரத்துக்குப் பிறகு ஓமந்தூர் ராமசாமி ரெட்டியார் ஆட்சியில் மதுவிலக்கு திரும்பி வந்தது. 1948 அக்டோபர் 2-ம் தேதி சென்னை மாகாணம் முழுவதும் அமலானது. ராஜாஜி அப்போது டெல்லியில், இந்தியாவின் கவர்னர் ஜெனரல். 1952-ல் முதல்வராகத் திரும்பி வந்தார், பாதிநேரப் பள்ளித் திட்டம் கொண்டுவந்தார், அது குலக்கல்வித் திட்டம் என்று பெயர் வாங்கி 1954-ல் அவர் பதவியையே காவு வாங்கியது. அவர் அரசியல் வாழ்க்கையின் மிகப் பெரிய சறுக்கல் அதுதான் என்பதில் இன்றும் பெரிய கருத்து வேறுபாடு இல்லை. 1959-ல் சுதந்திரா கட்சி. 1967-ல் காங்கிரஸை வீழ்த்த தி.மு.க.வோடு கூட்டணி. அந்தக் கூட்டணி ஜெயித்து அண்ணா முதல்வரானார். 1971 தேர்தலில் கூட்டணி மாறியது. இந்த முறை பழைய அரசியல் எதிரி காமராஜரோடு சேர்ந்து தி.மு.க.வை எதிர்த்தார் ராஜாஜி. தி.மு.க. பெரும் வெற்றி பெற்றது.

அந்த வருஷமே மதுவிலக்கைத் தளர்த்த முதல்வர் கருணாநிதி அரசு முடிவெடுத்தது. காரணம் நிதி நெருக்கடி. புதிதாக மதுவிலக்கு கொண்டுவரும் மாநிலங்களுக்கு மட்டும் மத்திய அரசு நஷ்டஈடு தரும், ஏற்கெனவே அமலில் வைத்திருக்கும் தமிழ்நாட்டுக்குக் கிடையாது என்ற நிலை. 1939-ல் ராஜாஜிக்கு இருந்த அதே ஓட்டை, வேறு ஆட்சி, வேறு தீர்வு.

92 வயது ராஜாஜி கருணாநிதியை நேரில் போய்ப் பார்த்து, இதைச் செய்ய வேண்டாம் என்று கேட்டுக்கொண்டார். கொட்டும் மழையில் போனார் என்று தமிழக அரசியல் மேடைகளில் திரும்பத் திரும்பச் சொல்லப்படும் காட்சி இது. ஆதரவாளர்களுக்கு இது ஒரு கிழவரின் கடைசி வேண்டுகோள். அரசுத் தரப்பு ஆட்களுக்கு, கஜானாவைப் பற்றிக் கவலைப்படத் தேவையில்லாதவரின் அறிவுரை. ஆனால் கஜானா தன் கையில் இருந்தபோதும் அவர் அதையேதான் செய்தார் என்பதையும் சேர்த்துச் சொல்லணும்.

1971 ஆகஸ்ட் 30-ல் மதுவிலக்கு தளர்த்தப்பட்டது. குடிப்பது என்றால் என்னவென்றே தெரியாமல் வளர்ந்த ஒரு தலைமுறை முதன்முதலாகச் சாராயக்கடையைப் பார்த்தது. ராஜாஜி 1972 டிசம்பர் 25-ல் இறந்தார். இரண்டு வருஷம் கழித்து, 1974-ல் அதே கருணாநிதி அரசு கடைகளை மறுபடி மூடியது. அதைப் பார்க்க அவர் இல்லை.

இன்றைக்கு என்ன நிலை?

1981-ல் எம்.ஜி.ஆர். ஆட்சியில் கடைகள் திரும்பத் திறந்தன. 1983-ல் டாஸ்மாக் நிறுவனம் பிறந்தது. 1987-ல் கள்ளும் சாராயமும் தடை செய்யப்பட்டன, பாட்டில் மது தொடர்ந்தது. 2003 நவம்பரில் சில்லறை விற்பனையையும் டாஸ்மாக்கே எடுத்துக்கொண்டது. இதற்கெல்லாம் தனிச் சட்டம் எதுவும் இல்லை. ராஜாஜியின் அதே 1937 மதுவிலக்குச் சட்டத்தின் கீழ் விதிகளை எழுதித்தான் அரசு மது விற்கிறது. மதுவிலக்குச் சட்டப்படி மது விற்கும் வினோதம் இப்படி வந்ததுதான்.

அதனால்தான் பாலக்கோட்டு நிலவரம் இப்படி இருக்கிறது. கடையில் பீர் வாங்கலாம், சட்டப்படி சரி. தென்னந்தோப்புக்காரர் கள் இறக்கினால் குற்றம், பக்கத்துக் கேரளாவில் அது லைசென்ஸ் உள்ள தொழில். நூறு கிலோமீட்டர் சொச்சம் தள்ளி இருக்கும் பெங்களூருவில் ஹோட்டலிலேயே பீர் தயாரித்து ஊற்றுவதற்கு உரிமம் உண்டு. பாகு டின்னையும் ஈஸ்ட்டையும் வாங்கி வீட்டு அடுப்பில் 20 லிட்டர் பேல் ஏல் போடுவது மட்டும் இங்கே 4-வது பிரிவின் கீழ் வரும். கள் இறக்க அனுமதி கேட்டு விவசாயிகள் பல வருஷமாகப் போராடுகிறார்கள். வீட்டு பீருக்கு அப்படிக் கேட்க ஆளும் இல்லை.

விற்பனை வரி என்ன ஆனது? 1939 சட்டம் 1959-ல் புதிய சட்டமாகி, 2007-ல் வாட் ஆகி, 2017-ல் பெரும்பாலான பொருள்களுக்கு ஜி.எஸ்.டி.யில் கரைந்துபோனது. ஜி.எஸ்.டி.க்கு வெளியே நிற்கும் சிலவற்றில் பெட்ரோல், டீசலோடு மதுவும் ஒன்று. அதன் மீது மாநில அரசு இன்றும் வாட் வசூலிக்கிறது. டாஸ்மாக் மூலம் ஆண்டுக்கு 45,000 கோடி ரூபாய்க்கு மேல் அரசுக்கு வருகிறது. அதில் கலால் வரியைவிட விற்பனை வரியின் பங்குதான் பெரியது.